சிறு டிராக்டரில் எழும் சப்தங்கள்: காரணம் காணும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், லோயர் கேம்ப்பை அடுத்துள்ள ஒரு சங்கத்திற்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். அன்று மாலை நிர்வாகக் குழுவின் முன் இரண்டு தீர்மானங்கள் வைக்கப்பட்டிருந்தன. சங்கத்தின் சிறு டிராக்டருக்குப் புதிய ஹைட்ராலிக் பம்ப் வாங்க ஒப்புதல் அளிப்பது முதலாவது. கவனக்குறைவால் பழைய பம்பைக் கெடுத்துவிட்டார் என்னும் காரணத்தால் டிரைவரை வேலையிலிருந்து விலக்குவது இரண்டாவது. பம்பின் விலை, அந்த வண்டி இரண்டு மாதம் ஓடி ஈட்டும் வாடகைக்குச் சமம். டிரைவரோ ஐம்பது வயதைக் கடந்தவர். வேறிடத்தில் வேலை தேடிக்கொள்ளும் பருவம் அன்று.

பம்ப் கெட்டுவிட்டது என்பதற்கு ஆதாரம் யாது என வினவினோம். வண்டி கத்துகிறது என்றார்கள். எப்பொழுது கத்துகிறது, எந்த வேலையின்போது கத்துகிறது என்று கேட்டதற்கு, ஆளுக்கொரு விதமாக விடை வந்தது. பட்டறைக்காரர் ஒருவர் வந்து, எஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டு, 'பம்ப் மாற்ற வேண்டும்' என எழுதிக் கொடுத்துச் சென்றிருந்தார். கோப்பில் அந்த ஒரு வரிதான் இருந்தது. உண்மையைக் கூறுவதானால், அந்த வரியின்கீழ் ஒப்பமிட நாமும் பேனாவைத் திறந்துவிட்டிருந்தோம்.

கதவருகே நின்ற டிரைவர் தயங்கியவாறு கூறினார்: "சார், காலையில எடுத்தவுடனேதான் இந்தக் கத்து. வெயில் ஏறிருச்சுன்னா அடங்கிரும். பம்பு போயிருந்தா சாயங்காலமும் கத்தணும்ல?"

குழுவில் ஒரு பெண் அங்கத்தினர் இருந்தார். ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இப்பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து, திராட்சை பயிரிடுபவர். அவர், "அண்ணே சொல்றதக் கேட்டுப் பாருங்க சார். நாடா ஓடுற சத்தம் மாறுனாலே, நூல் அறுகுறதுக்கு முன்னாடி எங்கம்மா தறிய நிறுத்திருவாங்க" என்றார். இரண்டு தீர்மானங்களையும் மறுநாள் வரை ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டோம்.

மறுநாள் நடந்ததைக் கூறுமுன், இத்தகைய சப்தங்களை ஆராயும் முறையைச் சற்று விரித்துரைப்பது நலம். 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியின்கீழ்க் கடன் பெற்று, சங்கங்கள் பல இயந்திரங்களை வாங்கி அங்கத்தினர்க்கு வாடகைக்கு விடுகின்றன. இதே கேள்வி நாளை வேறொரு சங்கத்தின் முன்னும் வரக்கூடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நெல்வயல் 14,707 ஏக்கர் என்பது இப்பகுதியார் அனைவரும் அறிந்த கணக்கு. வயலையடுத்துத் திராட்சைப் பந்தல்கள். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை இங்கு ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடையாகிக்கொண்டே இருக்கும். ஆகவே டிராக்டருக்கு ஓய்வுக்காலம் என ஒன்று இல்லை. பந்தலின்கீழ்ப் பெரிய வண்டி நுழையாது. 20 முதல் 30 குதிரைத்திறனுக்குட்பட்ட, உயரமும் அகலமும் குறைந்த வண்டியே ஏற்றது. அதன் முன்புறம் லோடரைப் பொருத்திவிட்டால், பத்து ஆள் கூடையில் சுமக்கும் தொழுவுரத்தைப் பக்கெட்டில் அள்ளி வரப்போரம் கொட்டிவிடலாம்.

சொந்த வண்டியின் குரல் மாறினால் உடையவன் உடனே அறிவான். சங்க வண்டியோ இன்று ஒருவர் தோட்டத்திலும் நாளை மற்றொருவர் வயலிலும் ஓடுகிறது. அதன் இயல்பான ஓசையை அறிந்தவர் டிரைவர் ஒருவரே. ஆகவே விசாரணையை அவரிடம் தொடங்க வேண்டுமேயன்றி, அவரை வெளியேற்றிவிட்டுத் தொடங்கலாகாது.

எப்பொழுது கத்துகிறது?

'என்ன சப்தம்' என்று கேட்பது முதல் கேள்வியன்று. ஒருவர் கீச்சு என்பதை மற்றொருவர் ஊளை என்பார். 'எப்பொழுது எழுகிறது, எதைச் செய்தால் அடங்குகிறது' என்பதே முதல் கேள்வி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சின் வேகத்தை மட்டும் மெல்லக் கூட்டிக் குறைக்க வேண்டும். சப்தமும் கூடிக் குறைந்தால், எஞ்சின், விசிறி, ஆல்டர்னேட்டர், ஹைட்ராலிக் பம்ப் ஆகியவற்றுள் ஒன்றே குற்றவாளி. நின்ற நிலையில் சப்தமின்றி, வண்டி நகரும்போது மட்டும் எழுந்தால் சக்கரம், அச்சு, கியர்ப்பெட்டி ஆகியவற்றை நோக்க வேண்டும். இந்தப் பிரிவினை ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். பிறகு கிளட்ச் மிதி, ஸ்டியரிங், லோடர் லீவர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கி, எதைத் தொட்டபொழுது ஓசை மாறுகிறது எனக் கவனிக்கலாம். இரண்டை ஒருங்கே இயக்கினால் ஒன்றும் விளங்காது.

1816-ஆம் ஆண்டில் லென்னெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அங்ஙனம் பிறந்தது. நீண்ட திருப்புளியின் முனையைப் பேரிங்கின் கூட்டின்மேல் வைத்து, பிடியைக் காதருகே எலும்பில் ஊன்றிக் கேட்கும் நம் மெக்கானிக்கும் அதே வித்தையைத்தான் செய்கிறார். ஆயினும் ஓடும் எஞ்சின் அருகே குனியுமுன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிட வேண்டும். விசிறிக்கும் பெல்ட்டிற்கும் துண்டு ஒரு கணம் போதும்.

எஞ்சினில் கணக்கு ஒன்று உதவும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே திறக்கும். எஞ்சின் நிமிஷத்திற்கு 800 சுற்று ஓடினால், ஒரு வால்வு 400 முறை, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 7 முறை தட்டும். மேற்பகுதியில் மெல்லிய 'டிக் டிக்' இந்த விரைவில் கேட்டால் வால்வின் இடைவெளி மிகுந்திருக்கலாம். இன்ஜெக்டரின் தட்டலும் இதே விரைவுடையது. அடிப்பகுதியிலிருந்து கனத்த தட்டல் விநாடிக்கு 13 அளவில், அதாவது சுற்றுக்கு ஒன்றாக வந்தால், கிராங்க் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எண்ண இயலாவிடினும் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு காதுக்குப் புலப்படும். முன்னதை அடுத்த சர்வீஸ் வரை பொறுக்கலாம். பின்னதற்கு உடனே எஞ்சினை நிறுத்துவதே வழி.

பெல்ட்டின் கீச்சொலியை எளிதில் கண்டறியலாம். எட்ட நின்று பெல்ட்டின்மேல் சிறிது தண்ணீர் தெளித்தால் ஓசை சற்றே மாறும். மாறாவிடில் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் ஆகியவற்றின் பேரிங்கைப் பார்க்கவும். கிளட்ச் மிதியை அழுத்தியவுடன் எழும் கீச்சு, கிளட்சைத் தள்ளும் பேரிங்கினுடையது. மிதியை விட்டிருக்கும்போது உறுமி, அழுத்தியவுடன் அடங்குவது கியர்ப்பெட்டியின் முன் பேரிங். இவ்விரண்டையும் மாற்றிக் கொள்பவர்கள் பட்டறைகளிலும் உளர்.

நகரும்போது எழும் 'டக்' என்னும் ஒலிக்குச் சுண்ணாம்புக் கட்டி போதும். பின்சக்கரத்தில் ஒரு கோடு கிழித்து, வண்டியை நடைவேகத்தில் ஓட்டச் செய்து, பக்கத்தில் சற்று விலகி நடந்து பார்க்கவும். 8.3-20 அளவுள்ள பின்சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 3 மீட்டர் செல்லும். கோடு தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டல் எனில், சக்கரப் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது டயரில் கல்லோ ஆணியோ சிக்கியிருக்கிறது. சுற்றுக்குப் பல தட்டல் எனில் உள்ளே பற்சக்கரத்தில் பல் சேதமடைந்திருக்கலாம்.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வகையில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்றே முந்திச் சுழலும்படி அமைக்கப்பட்டுள்ளன. சேற்றில் அந்த வேறுபாடு வழுக்கலில் கழிந்துவிடும். கூடலூர்ச் சாலை போன்ற தார்ச்சாலையில் அது கழிய வழியில்லை; இறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களின்மேல் ஏறி, திருப்பங்களில் முனகலும் குலுக்கலும் எழும். இது நோயன்று, வயலை விட்டு ஏறியவுடன் முன்சக்கர இயக்கத்தை விடுவிக்கும் லீவரை டிரைவர் மறந்துவிட்டார் என்பதே பொருள். ஆனால் மறதி நாள்தோறும் நீடித்தால் நோயாகும்.

லோடரின் சப்தங்கள்

லோடர் பொருத்திய வண்டியில் சப்தத்திற்கு இடங்கள் மிகுதி. கை உயரும்போது கிறீச்சிடுவது பெரும்பாலும் பின்களில் கிரீஸ் இல்லாமையால். சாணமும் ஈரமும் படும் வேலையாதலின், உரம் அள்ளும் நாட்களில் கிரீஸை நாளுக்கொருமுறை வைப்பது நன்று. பக்கெட்டைக் கவிழ்த்து நிமிர்த்தும் கணத்தில் 'டக்' என்றால் பின்னோ புஷ்ஷோ தேய்ந்துள்ளது. பாரத்துடன் திரும்பும்போது 'பட்' என வெடித்தாற்போல் கேட்டால், லோடரின் சட்டத்தை வண்டியின் உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பார்க்கவும். அவை தளர்ந்து, சட்டம் அசைந்து, போல்ட் துளை நீண்டுவிட்டால் செலவு பெரிது. வண்டியின் முன் அச்சு நடுவில் ஒரு பின்னின்மேல் ஊசலாடுகிறது. பின்புறம் எதிர்ப்பாரம் கட்டாமல் முன்னால் அள்ளிக்கொண்டே இருந்தால், முழுச்சுமையும் அதன்மேல் விழுந்து முனகத் தொடங்கும். எதிர்ப்பாரம் இல்லாத வண்டி முனகுவதோடு நில்லாது, சரிவில் கவிழவும் கூடும்.

பக்கெட் முழு உயரத்தை அடைந்த பின்னும் லீவரை விடாமல் பிடித்திருந்தால் எழும் சீற்றொலி, ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயை வழிவிடும் ஒலி. ஸ்டியரிங்கை முழுதும் திருப்பிப் பிடித்திருப்பதும் அத்தகையதே. வால்வு தன் கடமையைச் செய்கிறது. லீவரை விட்டால் அடங்கும். விடாதிருந்தால் எண்ணெய் சூடேறும். ஆனால் பாரமின்றிப் பாதி உயரத்திலேயே சீறினால், வால்வு பழுதடைந்துள்ளது அல்லது எண்ணெய் செல்லும் வழி அடைபட்டுள்ளது.

இனிப் பம்பின் ஊளை. பம்ப் எண்ணெயை உறிஞ்சித் தள்ளுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் எண்ணெய் போதிய அளவு வாராவிடில், அங்கு அழுத்தம் வீழ்ந்து எண்ணெய்க்குள்ளேயே நுண்குமிழிகள் தோன்றுகின்றன. அவை தள்ளும் பக்கத்தை அடைந்தவுடன் நசுங்கி உடைந்து உலோகத்தைத் தாக்குகின்றன. அதுவே ஊளை, முற்றினால் தகரத்தில் சரளைக்கல்லைக் குலுக்குவது போன்ற உறுமல். 1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் வெள்ளோட்டம் விட்ட 'டர்பினியா' என்னும் நீராவிக் கப்பல் எதிர்பார்த்த வேகம் செல்லவில்லை. நீரைத் தள்ளும் விசிறியைச் சுற்றி இவ்வகைக் குமிழிகள் எழுவதே காரணம் எனக் கண்டு அவர் அமைப்பை மாற்றினார். 1897-இல் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பில் அது துரத்திய படகுகளையெல்லாம் விஞ்சி ஓடிற்று. நீர்மின் நிலையங்களின் டர்பைன் இதழ்களைக் குழி குழியாக அரிப்பதும் இதே குமிழிகள்தாம். லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து மின்நிலையத்திற்கு இறங்கும் பெருங்குழாய்களைப் பார்த்து வளர்ந்த நம் அங்கத்தினர்க்கு இதை விளக்குதல் எளிது: வருவாய் குறைந்து இறைப்பு மிகுந்தால் எந்தப் பம்பும் வருந்தும்.

வருவாய் குறைவதற்குக் காரணங்கள் சில. எண்ணெய் அளவு குறைந்திருக்கலாம். லோடரைத் தரையில் இறக்கிவிட்டே அளவு பார்க்க வேண்டும். உயர்த்தியிருந்தால் எண்ணெயின் ஒரு பகுதி சிலிண்டர்களில் இருக்கும், கம்பி பொய் சொல்லும். உறிஞ்சும் குழாயின் கிளிப் தளர்ந்து காற்றை இழுக்கலாம். அப்பொழுது எண்ணெய் நுரைத்து மோர் போல் வெளுக்கும், காலை மாலை என்ற வேறுபாடின்றிக் கத்தும். நீர் கலந்த எண்ணெயும் வெளுப்பதால், சிறிது எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வைத்துப் பார்க்கவும். நுரை விரைவில் தெளியும், நீர் கலந்தது தெளியாது. மூன்றாவது, வடிகட்டி அடைபட்டிருக்கலாம். குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதால் அடைபட்ட வடிகட்டியில் நுழைய மாட்டாது. சூடேறி இளகிய பின் நுழைந்துவிடும்.

தேய்ந்த பம்போ இதற்கு நேர்மாறாக நடக்கும். காலையில் தடித்த எண்ணெய் அதன் தேய்ந்த இடைவெளியை மறைத்துவிடும், நன்றாகத் தூக்கும். எண்ணெய் சூடேறி இளகியதும் உள்ளேயே கசிந்து, பக்கெட் தளர்ந்து மெல்ல உயரும். காலையில் வருந்தி மதியம் தெளிந்தால் வடிகட்டி. காலையில் தெளிந்து மதியம் தளர்ந்தால் பம்ப். டிரைவர் கதவருகே நின்று கூறிய சொல்லின் மதிப்பை இப்பொழுது அங்கத்தினர்கள் உணர்வர்.

இரண்டு எச்சரிக்கைகள்

உயர்த்திய பக்கெட்டின்கீழ் எவரும் தலையையோ கையையோ நீட்டலாகாது. அதைத் தாங்கி நிற்பது ரப்பர்க் குழாயினுள் அடைபட்ட எண்ணெய் மட்டுமே. சப்தத்தைத் தேடும் ஆவலில் பட்டறைப் பையன்கள் முதலில் செய்வது இதுவே. நாம் ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறோம். சோதனைக்காக உயர்த்தியே ஆக வேண்டுமெனில் தயாரிப்பாளர் கூறிய தாங்கியைப் பூட்ட வேண்டும். செங்கல்லும் மரக்கட்டையும் தாங்கியாகா.

மற்றொன்று, ஹைட்ராலிக் குழாயில் 'ஸ்ஸ்' என்னும் மெல்லிய சீறல் கேட்டால் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் இராது. சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் எண்ணெய்க் கறை இடத்தைக் காட்டிவிடும். உடலில் பட்டுவிட்டால் நாட்டு மருந்தில் நேரம் போக்காது, அறுவை வைத்தியர் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

அன்று நடந்தது

மறுநாள் காலை ஆறு மணிக்கு, மலையிலிருந்து பனி இறங்கியிருந்தபோது, கொட்டகையில் கூடினோம். லோடர் தரையில் இருந்தது. எண்ணெய்க் கம்பியில் அளவு சரியாக இருந்தது, நுரை இல்லை. எஞ்சினைக் கிளப்பி வேகத்தைக் கூட்டியதும் ஊளை எழுந்தது. கூட்டக் கூட்ட உயர்ந்தது. லீவரை இழுத்ததும் ஊளை உறுமலாயிற்று. பக்கெட் விக்கி விக்கி ஏறியது. 'கேட்டீர்களா' என்றார் தலைவர். கேட்டோம். பிறகு வண்டியை உரக்குவியலுக்கு அனுப்பி நாற்பது நிமிஷம் அள்ளச் செய்தோம். திரும்பி வந்தபொழுது அதே பக்கெட் நிறைந்த உரத்துடன் ஒரே மூச்சில் உயர்ந்தது. ஊளை இல்லை.

வேறொரு மெக்கானிக்கை அழைத்து எண்ணெயை இறக்கி வடிகட்டியைக் கழற்றினோம். கம்பிவலை தெரியாதபடி சாம்பல் நிறத்தில் ஏதோ ரோமம் போல் படிந்திருந்தது. சாணப் புழுதி என்றார் ஒருவர். சக்கம்பட்டிப் பெண்மணி அதில் ஒரு சிட்டிகை கிள்ளி, டீசலில் அலசி, இரு விரலால் முறுக்கினார். அது திரிந்து இழையாயிற்று.

"இது நூல் சார். பாவுக் கழிவு."

எல்லோரும் கொட்டகையின் மூலையைப் பார்த்தோம். துடைப்பதற்கென வாங்கிய நூல் கழிவு அங்கே மூட்டையாகக் கிடந்தது. புனலையும் எண்ணெய்க் குவளையையும் அதனாலேயே துடைத்து வந்திருக்கிறார்கள். துடைக்கும்தோறும் உதிர்ந்த இழைகள் எண்ணெயோடு உள்ளே சென்று சிறுகச் சிறுக வலையில் படிந்துள்ளன. துடைத்தவர் டிரைவர், மூட்டையை வாங்க ஒப்புதல் அளித்தது குழு, அந்தச் செலவுச் சீட்டைத் தணிக்கையில் பார்த்துச் சரியென எழுதியவர்கள் நாம். காலையில் கத்துகிறது என்று டிரைவர் மூன்று முறை வாய்மொழியாகச் சொல்லியிருந்தார் எனவும் தெரிந்தது. எங்கும் எழுதப்படவில்லை.

புதிய வடிகட்டியும் புதிய எண்ணெயும் இட்ட மறுநாள் காலையில் ஊளை எழவில்லை. பல வாரம் பட்டினி கிடந்த பம்ப் சிறிதும் தேயாதிருக்கும் என நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் அது சூட்டிலும் முழுப் பாரத்தைத் தூக்குகிறது, அதுவரை மாற்ற வேண்டியதில்லை. முதல் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவதைத் தலைவரே கோடிட்டு அடித்தார். டிரைவரிடம் அவர் ஒன்றும் கூறவில்லை. காரியதரிசியிடம் மட்டும், கொட்டகைக்கு இழை உதிராத பழைய வேட்டித் துணியும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி வைக்கும்படி சொன்னார்.

அடுத்த ஆய்வின்போது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தில், பென்சிலில், இவ்வாறு எழுதியிருந்தது: "காலை 7 மணி. பக்கெட் கவுக்கும்போது டக். இடது பக்கப் பின். கிரீஸ் வச்சேன், நிக்கல. புஷ் பாக்கணும்." அதன்கீழ்க் காரியதரிசியின் ஒப்பமும், புஷ் வாங்கிய ரசீதின் எண்ணும் இருந்தன.